சின்னச் சமையலறையில் ஒயின்: எதை ஒளிப்பது, எதைக் காட்டுவது?

கேள்வி, 3 ஜூன் 2019

பாரிஸ் 18-ஆம் வட்டாரத்தில் ஐந்தாவது மாடியில் இருக்கிறோம். சமையலறை ஐந்து சதுர மீட்டர்தான். திருமணத்திற்கு வந்தவர்கள் 12 பாட்டில் ஒயின் பரிசளித்தார்கள். ஃபிரிட்ஜின் மேல் மர ஸ்டாண்டு வைத்து அடுக்கினால் இடமும் மிச்சமாகும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு நிலவறை இல்லை. இப்படி வைக்கலாமா?

3 ஜூன், இரவு

வைக்கக் கூடாது. வீட்டில் வேறு எங்கே வைத்தாலும் ஃபிரிட்ஜின் மேல் மட்டும் வேண்டாம். உள்ளேயிருந்து எடுக்கும் சூட்டை ஃபிரிட்ஜ் பின்பக்கம் கக்குகிறது. அந்தச் சூடு மேலேறி, நீங்கள் ஸ்டாண்டு வைக்க நினைக்கும் இடத்தில்தான் தங்குகிறது. மோட்டாரின் அதிர்வு வேறு. கடைகளில் மாட்டியிருக்கும் மாதிரிச் சமையலறைப் படங்களில் அங்கேதான் பாட்டில்களை அடுக்கிக் காட்டுகிறார்கள். அந்தப் படத்திலிருக்கும் ஃபிரிட்ஜுக்கு மின்சாரமே கிடையாது.

பாரிஸில் 21 ஆண்டுகளாக இருக்கிறேன். ஆறு சதுர மீட்டருக்கு மேல் சமையலறை எனக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. ஒயினுக்குப் பிடித்தது 12 டிகிரிப் பக்கம், இருட்டு, அமைதி. அதிகச் சூடு கெடுதல். சூடும் குளிரும் மாறி மாறி வருவது அதைவிடக் கெடுதல். சூட்டில் ஒயின் விரிந்து தக்கையை வெளியே தள்ளும், குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். சமையலறையில் இது தினம் இரண்டு வேளை நடக்கிறது.

12 பாட்டிலும் என்னென்ன என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தாக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள்.

4 ஜூன்

நேற்று எழுதியதை நானே சோதித்துப் பார்த்தேன். மூன்று வெப்பமானிகள்: ஃபிரிட்ஜின் மேல் ஒன்று, மேல் அலமாரியில் ஒன்று, கதவுக்குப் பின்னால் தரையில் ஒன்று. காலையில் மூன்றுக்கும் இரண்டு டிகிரிகூட வித்தியாசமில்லை. மாலையில் ஓவனில் கோழி வைத்து, அடுப்பில் சாம்பார் கொதிக்கவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஃபிரிட்ஜின் மேல் 31, அலமாரியில் 28, தரையில் 22. ஒரே அறை, ஒன்பது டிகிரி வித்தியாசம். இடம் தேடுவதாக இருந்தால் கீழே தேடுங்கள்.

9 ஜூன்

பட்டியலுக்கு நன்றி. ஷாம்பெய்ன் 2, பொர்தோ சிவப்பு 4, பொஜொலே என்ற இலேசான சிவப்பு 3, ப்ரொவான்ஸ் ரோஸே (இளஞ்சிவப்பு) 1, அல்சாஸ் வெள்ளை 1, சொத்தெர்ன் என்ற இனிப்பு வெள்ளை 1. ரோஸேயும் பொஜொலேவும் இந்தக் கோடையிலேயே குடிக்க வேண்டியவை. அந்த நான்குக்கும் பெரிய ஏற்பாடு வேண்டாம். மீதி எட்டுக்குத்தான் இடம் வேண்டும்.

உங்கள் கட்டடம் 1930-களுக்கு முந்தையது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சமையலறை ஜன்னலுக்கு அடியில் இரண்டு சிறு கதவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருக்க வேண்டும். பெயின்ட் அடித்து அடித்து ஒட்டிப்போயிருக்கலாம், கத்தியால் கீறித் திறங்கள். உள்ளே சுவரின் கனத்துக்குள் ஒரு பொந்து, அதன் வெளிச்சுவரில் துளைகள் அல்லது இரும்புச் சல்லடை. ஃபிரிட்ஜ் வருவதற்கு முன் பாரிஸ் வீடுகளில் வெண்ணெயும் இறைச்சியும் வைத்த இடம் அது. ‘கார்த் மான்ஷே’ என்பார்கள், உணவுக்காப்பகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்று உள்ளே வந்துபோகும், வெளிச்சம் வராது, அடுப்புச் சூடு எட்டாது.

நான் அந்தக் கதவைத் திறந்தது இந்த வீட்டுக்குக் குடிவந்த நான்காம் ஆண்டில். முந்தைய குடித்தனக்காரர் அதற்குள் காலணிப் பாலிஷ் டப்பாக்களை வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு நாள் கழுவி உலர்த்தி, அடியில் பலகை போட்டேன். ஒன்பது பாட்டில் படுக்கின்றன. சல்லடையில் துணி வைத்து அடைத்துவிடாதீர்கள். அந்தக் காற்றோட்டம்தான் அதன் உயிர்.

10 ஜூன்

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். ஜன்னல் எந்தத் திசை? என்னுடையது முற்றத்தைப் பார்த்த வடக்கு. தெற்கோ மேற்கோ பார்த்த ஜன்னலாக இருந்தால் கோடையில் அந்தப் பொந்து அடுப்பாகிவிடும். குளிர்காலத்திலும் கவனம் தேவை: 12 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயின் மைனஸ் ஐந்து டிகிரி அளவில் உறையத் தொடங்கும். கடுங்குளிர் இரவுகளில் நான் பாட்டில்களுக்கு ஒரு பழைய கம்பளியைப் போர்த்திவிடுவேன்.

இன்னொன்று. இது நீண்ட காலம் சேமித்து வைக்கும் இடமல்ல. பருவத்தோடு சேர்ந்து அங்கே சூடு ஏறும், இறங்கும். சில மாதங்களுக்குள் குடிப்பவற்றுக்கு மிக நல்ல இடம்.

16 ஜூன்

“படுக்கவைப்பதா, நிறுத்திவைப்பதா?” என்று ஸ்த்ராஸ்பூர் நண்பர் கேட்கிறார். தக்கை போட்டதைப் பல மாதம் வைப்பதாக இருந்தால் படுக்கவையுங்கள், தக்கை நனைந்திருக்கும். திருகுமூடி போட்டதை எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். ஷாம்பெய்ன் நின்றாலும் கெடாது. உள்ளே ஐந்தாறு மடங்கு காற்றழுத்தம் இருக்கிறது, தக்கைக்குக் கீழே அடைபட்ட வாயுவின் ஈரமே அதைக் காயவிடாது. இரண்டு வாரத்தில் குடிக்கப்போவதற்கு இந்தக் கவலையே வேண்டாம்.

ஃபிரிட்ஜுக்குள்? சில நாள், சில வாரம் வைக்கலாம். பல மாதம் வைத்தால் உள்ளேயிருக்கும் வறண்ட குளிரில் தக்கை இறுகிவிடும். குடித்து மீந்ததை மட்டும் தாராளமாக ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பானாலும்கூட. என் வழக்கம் இது: 375 மில்லி அரைப் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்திருப்பேன். முழுப் பாட்டிலைத் திறந்ததுமே பாதியை அதில் கழுத்துவரை நிரப்பி மூடிவிடுவேன். காற்றுக்கு உள்ளே இடமில்லாததால் நான்கு நாள் கழித்தும் ருசி நிற்கிறது.

17 ஜூன்

இடம் பற்றி இன்னொரு யோசனை. தரையிலிருந்து அலமாரி தொடங்கும் இடம்வரை ஒரு நீளமான அடிப்பலகை இருக்கிறதல்லவா, காலடியில்? அதைக் கையால் இழுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது கால்களில் கவ்விகளால் மாட்டிய வெறும் பலகைதான், கழன்று வந்துவிடும். பின்னால் 15 செ.மீ. உயரமும் அலமாரியின் முழு ஆழமுமாக இருட்டான இடம் சும்மா கிடக்கிறது. பொர்தோ பாட்டிலின் குறுக்களவு ஏறத்தாழ 7.5 செ.மீ., நீளம் 30 செ.மீ. இரண்டு அடுக்காகப் படுக்கவைத்தால் ஒரு மீட்டர் அகலத்தில் இருபதுக்கும் மேல் வைத்துவிடலாம்.

18 ஜூன்

திருத்தம். இரண்டு அடுக்கு போகாது. நேற்று கணக்குப் போட்டு எழுதினேன், இன்று தரையில் படுத்துக் கையை விட்டுப் பார்த்தேன். இரண்டு ஏழரை சேர்ந்தால் பதினைந்து, இடுக்கே இல்லை. அலமாரியின் அடியில் திருகுகளும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓர் அடுக்குதான். ஷாம்பெய்ன் பாட்டில் ஒன்பது செ.மீ. அகலம் இருந்தாலும் ஓர் அடுக்காக வைத்தால் தாராளமாகப் போகிறது. அல்சாஸ் பாட்டில் ஒல்லியாக இருந்தாலும் நீளம் அதிகம், அலமாரியின் கால்களில் இடிக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பக்கத்திலும் ஓவனுக்கு நேர் அடியிலும் வைக்காதீர்கள். வெந்நீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று முதலில் தடவிப் பாருங்கள். நான் தடவாமல் வைத்த இரண்டு பாட்டில்கள் ஒரு குளிர்காலம் முழுவதும் வெந்நீர்க் குழாயோடு ஒட்டிக் கிடந்தன. எடுத்தபோது மூடியின் விளிம்பில் ஒயின் கசிந்து பிசுபிசுத்தது. உள்ளே இருந்தது வெந்த பழக்கூழ் போல ருசித்தது, ரசத்தில் ஊற்றக்கூட மனம் வரவில்லை.

29 ஜூன்

நேற்று தெற்கே ஏரோ மாவட்டத்தில் 46 டிகிரி. பிரான்ஸில் இதுவரை அளந்ததிலேயே அதிகம். ஏரோவிலும் பக்கத்துக் கார்த் மாவட்டத்திலும் திராட்சைக் கொடிகளில் இலையும் காயும் கருகிவிட்டனவாம். செய்தியில் பார்த்த படத்தை மறக்க முடியவில்லை, யாரோ தீப்பந்தத்தால் வருடிவிட்டுப் போனது போல் இருந்தது. ஓராண்டு உழைப்பு ஒரே பிற்பகலில் போயிருக்கிறது. நாம் இங்கே ஒரு பாட்டிலைக் காப்பாற்ற இவ்வளவு பேசுகிறோம். அவர்களை நினைத்தால் இந்தப் பேச்சு இன்னும் தேவை என்றே தோன்றுகிறது. அவ்வளவு பாடுபட்டு அனுப்பியதை நாம் ஃபிரிட்ஜின் தலையில் வைத்துக் கெடுக்கக் கூடாது.

25 ஜூலை

மோன்சூரி பூங்காவின் வானிலை நிலையத்தில் இன்று 42.6 டிகிரி. பாரிஸுக்கு இது வரலாறு.

என் அளவுகள், மாலை ஐந்து மணிக்கு: சமையலறை 36. அடிப்பலகைக்குப் பின்னால் 29. ஜன்னலடிப் பொந்தில் 33. அதை நம்பியிருந்த எனக்கு இது வருத்தமான செய்தி. வெளிக்காற்றே கொதிக்கும்போது வெளிக்காற்றை உள்ளே விடும் பொந்து என்ன செய்யும்? காலையிலேயே ஒன்பதையும் எடுத்து, படுக்கையறை அலமாரியின் அடியில் குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே புதைத்துவிட்டேன். அங்கே 27.

கேள்வி கேட்டவரே, உங்கள் ஐந்தாவது மாடி இதைவிட மோசமாக இருக்கும். சொத்தெர்னையும் பொர்தோவையும் ஈரத்துணியில் சுற்றி, கட்டிலுக்கடியில் சுவரோரம் தள்ளிவிடுங்கள். ஜன்னல்களை இருட்டும்வரை திறக்காதீர்கள். இரண்டு நாள் சூட்டில் நல்ல ஒயின் செத்துவிடாது, பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் வேகுவதுதான் அதைக் கொல்லும்.

27 ஜூலை

எட்டுப் பாட்டில் கொள்ளும் சின்னக் குளிர்ப்பெட்டி வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கிறது. 25-ஆம் தேதி அதன் கதவில் 24 என்று காட்டியது. பழுதில்லை, அதன் அமைப்பே அப்படி. மலிவான சின்னப் பெட்டிகள் பலவற்றில் கம்ப்ரெஸர் கிடையாது. மின்சாரம் பாயும்போது ஒருபுறம் குளிர்ந்து மறுபுறம் சுடும் தகடுதான். அறையின் சூட்டைவிட ஒரு குறிப்பிட்ட அளவே அதனால் கீழே இறக்க முடியும். சத்தமும் அதிர்வும் குறைவு என்பது அதன் நல்ல குணம். கம்ப்ரெஸர் உள்ளதாக வாங்கினால் பின்னாலும் பக்கத்திலும் காற்றுக்கு இடம் விட வேண்டும், ஐந்து சதுர மீட்டரில் அந்த இடம் எங்கே இருக்கிறது? என் கருத்து: பத்துப் பாட்டிலுக்காக இயந்திரம் வாங்குவதைவிட, பத்துப் பாட்டிலைத் தாண்டாமல் வாழக் கற்பது நல்லது.

8 செப்டம்பர்

சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் சந்தைகள் தொடங்கிவிட்டன. ஆறு வாங்கினால் ஒன்று இலவசம் என்பார்கள். வீட்டில் இடத்தை அளந்துவிட்டுப் போங்கள்.

சுவர் ஸ்டாண்டு பற்றிக் கேட்டவருக்கு: என் முந்தைய வீட்டில் 12 பாட்டில் கொள்ளும் இரும்புச் ஸ்டாண்டு ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தேன். நிறைந்த பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.3 கிலோ. பன்னிரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 15 கிலோ, அதோடு இரும்பின் கனம். சுவர் வெறும் சுண்ணப் பலகைத் தடுப்பு. மூன்றாம் மாதம், விடியற்காலை நாலு மணிக்குத் திருகுகள் சுவரின் ஒரு துண்டோடு பெயர்ந்து வந்தன. ஐந்து பாட்டில் போனது. மகள் அப்போது தவழ்கிற பருவம். அது பகலில் விழுந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் கை நடுங்குகிறது. கனத்தைத் தரையில் வையுங்கள். மூடிக்கிடக்கும் பழைய கணப்படுப்பு இருந்தால் அதற்குள் சுட்டமண் குழாய்களை அடுக்கிப் பாட்டில்களைச் செருகலாம். மண் சட்டென்று சூடாகாது, சட்டென்று ஆறவும் ஆறாது. மேலே புகைபோக்கி அடைபட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

15 செப்டம்பர்

“நிலவறை இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எப்போதும் அப்படியில்லை. பாரிஸில் இறந்தவர்களின் எலும்புகளை அடுக்கிவைத்திருக்கும் பாதாளச் சுரங்கங்களில் ஆண்டு முழுவதும் 14 டிகிரி இருக்கும். கட்டடத்தின் நிலவறையும் அப்படித்தான் என்று நம்பி இறங்குகிறோம். எங்கள் கட்டடத்தில் வெப்பமூட்டும் குழாய்கள் அதன் வழியாகப் போகின்றன. ஜனவரியில் அங்கே 22 டிகிரி. குழாய் போகாத மூலையில் ஈரம், லேபிள் பூஞ்சை பிடித்து உரிந்துவிடுகிறது. அங்கே வைப்பவர்கள் லேபிளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிடுங்கள். முதலில் ஒரு வாரம் வெப்பமானியை மட்டும் வைத்துப் பாருங்கள், பிறகு ஒயினை இறக்கலாம்.

22 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். “எல்லாவற்றையும் ஒளித்துவைக்கச் சொல்கிறீர்கள். அந்தச் சொத்தெர்ன் தங்கம் போல் இருக்கிறது. அதை மட்டும் ஜன்னலோரப் பலகையில் வைத்து, பின்னால் எல்.இ.டி. விளக்கு போட்டிருக்கிறேன். எல்.இ.டி.யில் புற ஊதாக்கதிர் கிடையாதே?”

அதை இன்றே இறக்குங்கள். புற ஊதாக்கதிர் மட்டுமே குற்றவாளி அல்ல. ஒயினில் இயற்கையாக இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின், நீல ஒளியையும் வாங்கிக்கொள்கிறது. அது கந்தகம் உள்ள அமினோ அமிலங்களைத் தாக்க, வெந்த முட்டைக்கோஸ் வாடை பிறக்கிறது. ‘ஒளிச் சுவை’ என்று பிரெஞ்சுக்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். நிறமற்ற கண்ணாடியில் இது மிக விரைவாக நடக்கும். பச்சைக் கண்ணாடி ஓரளவு காக்கும், பழுப்பு இன்னும் நன்றாகக் காக்கும். லூயி ரோதெரெர் நிறுவனம் 1876-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்காகச் செய்த கிரிஸ்டல் ஷாம்பெய்ன் இன்றும் நிறமற்ற பாட்டிலில்தான் வருகிறது. அதனால்தான் அதைத் தங்க நிறத் தாளில் சுற்றி விற்கிறார்கள். சொத்தெர்னுக்கு யாரும் தாள் சுற்றித் தருவதில்லை.

நான் இவ்வளவு வேகமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். புதுச்சேரியில் எங்கள் தெருவில் ‘சொல்தா வீடு’ என்றால் எங்கள் வீடுதான். 1979-இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது உடன் இருந்தவர்கள் ஒரு சொத்தெர்ன் கொடுத்தனுப்பினார்கள். அப்பா அதைக் கூடத்தில், ஷோகேஸின் நடுத்தட்டில், பொம்மைகளுக்கும் பதக்கங்களுக்கும் நடுவே நிறுத்திவைத்தார். தெருப்பக்க ஜன்னலிலிருந்து மாலை வெயில் நேராக அதன்மேல் விழும். அந்த நேரம் பாட்டில் விளக்கு ஏற்றியது போல் இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். “என் மகள் கல்யாணத்துக்குத் திறப்பேன்” என்பார்.

1998-இல் திறந்தார். தக்கை தூளாக உதிர்ந்தது. வடிகட்டி ஊற்றினோம், பழுப்பாக இருந்தது. 19 ஆண்டுக் கோடை அதற்குள் இருந்தது. நான் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டேன். அப்பா மட்டும் மெதுவாக ஒரு தம்ளர் முழுவதும் குடித்து, நன்றாக இருக்கிறது என்றார்.

23 செப்டம்பர்

பொர்தோவிலிருந்து எழுதியவரின் திருத்தம் நியாயமானது. சொத்தெர்ன் நன்றாக வைத்திருந்தாலும் வயதாக ஆக நிறம் கருக்கும். தங்கம் தேனாகி, தேன் பழுப்பாகும். நிறத்தை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று சொல்லக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ருசி எனக்கு நினைவிருக்கிறது: இனிப்பு இருந்தது, அதன் பின்னால் எதுவும் இல்லை. நல்ல நிலவறையில் பல பத்தாண்டுகள் தாங்கக்கூடிய ஒயின் அது.

அப்பாவைப் பற்றிப் பலர் அன்போடு எழுதியிருக்கிறீர்கள். ஒன்றைச் சேர்க்க வேண்டும். நேற்று எழுதும்போது அவர் வைத்த இடம் தவறு என்ற கோபத்தில் எழுதினேன். இரவெல்லாம் யோசித்தேன். கடற்கரையிலிருந்து எட்டிய தூரத்தில், 38 டிகிரி அடிக்கும் ஊரில், அவர் அதை வேறு எங்கே வைத்திருக்க முடியும்? எங்கே வைத்தாலும் கெட்டிருக்கும். அதை வந்த ஆண்டிலேயே, அனுப்பியவர்களின் நலத்துக்காகத் திறந்து குடித்திருக்கலாம். அவருக்கு அது மனமில்லை. குடிப்பதைவிடப் பார்ப்பது அவருக்கு அதிக நாள் சந்தோஷம் தந்திருக்கிறது என்பதும் உண்மைதான். என்ன சொல்வதென்று இப்போதும் எனக்குத் தெளிவாகவில்லை.

13 அக்டோபர்

பாரிஸ் மோன்மார்த்ர் குன்றின் திராட்சை அறுவடை விழாவுக்குப் போய்வந்தோம். 1933-இல் நட்ட அந்தச் சின்னத் தோட்டத்தின் திராட்சையை 18-ஆம் வட்டார நகராட்சிக் கட்டடத்தின் நிலவறையிலேயே ஒயினாக்குகிறார்கள். இடமில்லை என்று சொல்லும் ஊரில் திராட்சைத் தோட்டத்துக்கே இடம் வைத்திருக்கிறார்கள். தோட்டம் வடக்கு நோக்கிய சரிவில் இருக்கிறது. என் ஜன்னலைப் போலவே என்று என் கணவர் சொன்னார்.

காட்சிக்கு என்ன வைப்பது என்று திரும்பவும் கேட்கிறார்கள். காலிப் பாட்டில் வையுங்கள். குடித்து முடித்த நல்ல பாட்டிலைக் கழுவி, லேபிளோடு, வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள். அதை எந்த வெயிலும் ஒன்றும் செய்யாது. யாரோடு, என்று குடித்தோம் என்பதைத் தக்கையில் பேனாவால் எழுதிக் கண்ணாடிச் சாடியில் போடுங்கள். நிறைந்ததில் காட்ட விரும்பினால் இந்த வாரம் திறக்கப்போகும் ஒன்றே ஒன்று, மேசையில் இருக்கட்டும். என் சமையலறைப் பலகையில் நிற்பது அப்பாவின் சொத்தெர்ன் பாட்டில். ஊரிலிருந்து துணி சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்தேன். மாலையில் வடக்கு வெளிச்சம்தான் கிடைக்கிறது, அதிலும் கொஞ்சம் மின்னுகிறது.

22 நவம்பர்

நேற்று நவம்பரின் மூன்றாம் வியாழன், இந்த ஆண்டுத் திராட்சையில் செய்த புதிய பொஜொலே கடைக்கு வரும் நாள், வந்துவிட்டது. இரண்டு வாங்கினேன், ஒன்று நேற்றே தீர்ந்தது, கத்தரிக்காய் வதக்கலோடு. இதைச் சேமிப்பது பற்றி யாரும் கேட்க வேண்டாம். சில மாதங்களுக்குள் குடிப்பதற்காகவே செய்தது.

கேள்வி கேட்டவர் நிலவரம் எழுதியிருக்கிறார். ஜன்னலடிக் கதவு கிடைத்ததாம், திசை கிழக்கு. பொர்தோவில் மூன்று அங்கே இருக்கின்றன, ஷாம்பெய்ன் அடிப்பலகைக்குப் பின்னால். சொத்தெர்னைத் தன் அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் சுற்றிப் படுக்கையறை அலமாரியின் தரையில் படுக்கவைத்திருக்கிறார். பத்தாவது மணநாளில் திறப்பார்களாம்.

பத்தாண்டு அந்த அலமாரியில் வேண்டாம். ஐந்தாவது மாடியில் பத்துக் கோடையை அது தாங்காது. நிலவறை நன்றாக உள்ள நண்பர் யாரிடமாவது கொடுத்துவையுங்கள், அல்லது ஐந்தாவது மணநாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லேபிளில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.